செம்பாறை வளைவுகளைப் படமெடுத்தல்: யூட்டா பாலைவனத்துக்கான முழுமையான வழிகாட்டி

சரியான பாறையின் முன்னால் தவறான வேளையில் போய் நிற்பதால்தான் பாலைவனப் படங்கள் பெரும்பாலும் கெடுகின்றன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள செம்மணற்கல் நிலத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். டெலிகேட் ஆர்ச் என்ற 16 மீட்டர் உயர வளைவு நண்பகலில் வெளிறிய செங்கல் போல இருக்கும். சூரியன் மறையும் முன் கடைசி இருபது நிமிடத்தில் அதே கல் தணல் போலச் சிவக்கும். கேமராவும் லென்ஸும் ஒன்றுதான், வேளை மட்டும்தான் வேறு.

மோவாப்பிலிருந்து வடக்கே 8 கி.மீ. போனால் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவின் வாசல். 1929-இல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டு, 1971-இல் தேசியப் பூங்கா ஆனது. 2,000-க்கும் மேற்பட்ட கல்வளைவுகள் அதற்குள் இருக்கின்றன. காரில் முக்கால் மணி நேரத் தொலைவில் கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவின் ‘ஐலண்ட் இன் த ஸ்கை’ மேட்டுநிலம். இந்த இரண்டு இடங்களையும் வைத்தே கீழே எல்லாம் சொல்லப்படுகிறது. ஜோர்டானின் வாடி ரம்முக்கோ சவுதியின் அல்உலாவுக்கோ போகிறவர்களுக்கும் முறை இதுவேதான். திசையும் தேதியும் மட்டும் மாறும்.

கல் எந்தப் பக்கம் பார்க்கிறது

இந்த நிலத்துக்கு அடியில் 30 கோடி ஆண்டுப் பழமையான உப்புப் படுகை கிடக்கிறது. மேலே படிந்த பாறைகளின் பாரம் தாங்காமல் உப்பு நெளிந்து பிதுங்க, மேலிருந்த என்ட்ராடா மணற்கல் வரிசை வரிசையாக வெடித்தது. வெடிப்புகளில் மழைநீர் இறங்கியது, குளிர்காலத்தில் உறைந்து விரிந்தது, கல்லை அரித்து அரித்து மெல்லிய மதில்களாக நிறுத்தியது. மதிலில் ஓட்டை விழுந்து பெரிதானால் அது வளைவு.

இதில் நமக்கு வேண்டியது வெடிப்புகளின் திசை. அவை பெரும்பாலும் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகின்றன. ஆகவே மதில்களின் அகன்ற முகம் ஒன்று வடகிழக்கையும், மற்றது தென்மேற்கையும் பார்க்கும். வடகிழக்கு முகத்துக்குக் கோடைக்காலக் காலை வெயில் நேராக விழும். தென்மேற்கு முகத்துக்குக் குளிர்கால மாலை. இதற்கு விலக்குகள் நிறைய உண்டு என்றாலும், பெயர் தெரியாத ஒரு மதிலின் முன் நிற்கும்போது முதல் கணிப்புக்கு இது போதும்.

அடுத்து சூரியன். மோவாப் ஏறத்தாழ 38.6 டிகிரி வடக்கில் இருக்கிறது. வடக்கை 0 என்று வைத்துக் கிழக்குவழியே எண்ணினால், ஜூன் இறுதியில் சூரியன் அங்கே 59 டிகிரியில், அதாவது நன்றாக வடகிழக்கு தள்ளி எழுந்து, 301 டிகிரியில் மறைகிறது. டிசம்பர் இறுதியில் 121-இல் எழுந்து 239-இல் மறைகிறது. ஆண்டுக்குள் 62 டிகிரி நகர்வு. சென்னையில் இந்த நகர்வு 48 டிகிரிதான். அதனால், “காலையில் போனால் வெளிச்சம் கிடைக்கும்” என்று ஊரில் சொல்வது போலப் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஜூலையில் எடுத்த ஒருவரின் படத்தைப் பார்த்துவிட்டு ஜனவரியில் அதே இடத்துக்குப் போனால், நிழல் வேறு பக்கம் விழுந்திருக்கும்.

கிளம்புமுன் சூரியத் திசை காட்டும் ஏதாவது ஒரு செயலியில் இடத்தையும் தேதியையும் கொடுத்துப் பாருங்கள். ஆனால் செயலி காட்டும் நேரம் சமதளத் தொடுவானத்துக்கானது. மேற்கே உயரமான பாறை விளிம்பு இருந்தால் வெளிச்சம் பத்து, இருபது நிமிடம் முன்பாகவே போய்விடும். செயலியின் நேரத்தை நம்பி வந்து, நிழல் விழுந்த பாறையைப் பார்த்து ஏமாறுவோர் பலர்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. தமிழ்நாட்டில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் மறைந்து இருபது நிமிடத்துக்கெல்லாம் இருட்டிவிடும். இங்கே சாய்ந்து இறங்குகிறது. நல்ல வெளிச்சமுள்ள அந்தி அரை மணி நேரம் நீளும். சூரியன் மறைந்ததும் கூட்டம் முக்காலியை மடக்கிக்கொண்டு கிளம்பும். அதற்குப் பத்து நிமிடம் கழித்து, எதிர்த்திசை வானத்தின் இளஞ்சிவப்பு பாறைமேல் நிழலின்றிப் பரவும் நேரம் வரும். அதற்காகக் காத்திருங்கள்.

எந்த மாதம்

அக்டோபரும் ஏப்ரலும் உடலுக்கு இதமானவை. அதனாலேயே கூட்டமும் அதிகம். கோடையில் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழை வரும், அதோடு திடீர் வெள்ளமும் வரும். ஆனால் மேகம் திரண்டு, மேற்கு விளிம்பில் மட்டும் வானம் திறந்திருக்கும் மாலைகள் அந்த மாதங்களில்தான் கிடைக்கின்றன. அந்த வெளிச்சத்துக்கு ஈடு கிடையாது.

எங்கள் தேர்வு டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. சூரியன் நாள் முழுதும் தாழ்வாகவே போவதால் காலை பத்து மணிக்கும் நிழல் நீளமாக இருக்கும். செம்பாறைமேல் பனி தங்கினால் நிறப் பொருத்தம் தானே அமைந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் ஏழரை வாக்கில் எழுந்து மாலை ஐந்தரை வாக்கில் மறைந்துவிடுவதால் தூக்கமும் கெடாது. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போகும். பாறைவழி உறைந்து வழுக்கும். காலணிக்கு அடியில் மாட்டும் இரும்பு முள்பட்டை இல்லாமல் இந்த மாதங்களில் டெலிகேட் ஆர்ச் ஏறாதீர்கள்.

மூன்று இடங்கள், மூன்று வேளைகள்

டெலிகேட் ஆர்ச்: மாலை. வுல்ஃப் ராஞ்ச் என்ற பழைய பண்ணை வீட்டருகே வண்டியை நிறுத்தி, போக வர 4.8 கி.மீ. நடக்க வேண்டும். ஏற்றம் 146 மீட்டர். வழியில் நிழல் கிடையாது, பாதிக்கு மேல் சாய்ந்த மொட்டைப்பாறை. கடைசி 200 மீட்டர் பாறை விளிம்பை ஒட்டிய குறுகிய நடை. சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு மேலே இருக்குமாறு கிளம்புங்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், கோடையில் அதற்கும் மேல். திரும்புவது இருட்டில் என்பதால் தலையில் மாட்டும் விளக்கும் மாற்று பேட்டரியும் கட்டாயம்.

வளைவுக்குப் பின்னால் லா சால் மலைத்தொடர் வரும்படி நின்றால் நீங்கள் தென்கிழக்கைப் பார்க்கிறீர்கள். மலையின் உச்சி 3,877 மீட்டர், தொலைவு சுமார் 40 கி.மீ. இங்கே 16 மி.மீ. அகல லென்ஸைப் போட்டால் அந்த மலை பல்லிமுட்டை அளவுக்குச் சுருங்கிவிடும். பின்வாங்கி நின்று 50 முதல் 85 மி.மீ. போடுங்கள், மலை வளைவின் தோளுக்கு எழும்பும். ஜூனில் மறையும் சூரியன் கிட்டத்தட்ட உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். நிறம் அள்ளும், ஆனால் கல்லின் வரிகள் தட்டையாகும். டிசம்பரில் சூரியன் உங்கள் வலக்கைப் பக்கம். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு படிவும் எழுந்து நிற்கும், பின்னால் மலையில் பனியும் இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே குளிர்காலம் வரலாம்.

வளைவுக்கு அடியில் நின்று படமெடுத்துக்கொள்ள வரிசை இருக்கும். அவர்களை விரட்ட வேண்டாம். வளைவின் முன்னால் கிண்ணம்போல் குழிந்த பாறையின் அடியிலிருந்து நிழல் ஏறத் தொடங்கியதும் கூட்டம் தானே ஒதுங்கும். தவிர, ஒரே ஓர் ஆள் சிறிதாக நிற்பது நல்லதும்கூட. 16 மீட்டர் என்பது எவ்வளவு என்று பார்ப்பவருக்கு வேறெதுவும் சொல்லித்தராது.

மீசா ஆர்ச்: விடியல். கேன்யன்லேண்ட்ஸில், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து போக வர ஒரு கிலோமீட்டர்தான். வளைவு நேர்ச்சரிவின் விளிம்பில் நிற்கிறது, அதன் அடியில் பள்ளத்தாக்கு. சூரியன் எழுந்ததும் கீழேயுள்ள செங்குத்துச் சுவரில் வெயில் விழும். அது மேல்நோக்கித் தெறித்து வளைவின் அடிப்பக்கத்தை ஆரஞ்சாக எரிய வைக்கும். சூரியனின் நேர் வெளிச்சம் அந்த அடிப்பக்கத்தில் படுவதே இல்லை, முழுக்கவே தெறிப்பொளி. அதனால்தான் ஆண்டு முழுவதும் இது நடக்கிறது. சூரியன் தலைகாட்டியதிலிருந்து அரை மணி நேரம்வரை எரியும்.

இடம் குறுகல். வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் விடியலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே முக்காலி வரிசை கட்டிவிடும். 16 முதல் 24 மி.மீ. லென்ஸ், எஃப்/16 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்), ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100. சூரியன் தொடுவானத்திலோ கல்லின் ஓரத்திலோ பாதி மறைந்திருக்கும் நொடியில் எஃப்/16 அதைக் கதிர்விடும் நட்சத்திரமாக்கும். முழுதாக வெளியே வந்துவிட்டால் அந்த வடிவம் கலைந்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்காவது அல்லது பாதியாவது) மாற்றி ஐந்து ஃபிரேம் எடுங்கள். ஆறாவதாக, சூரியனை மட்டும் கட்டைவிரலால் மறைத்து ஒரு ஃபிரேம். லென்ஸுக்குள் சூரியன் தெறித்து உண்டாகும் பச்சை, ஊதாப் புள்ளிகள் அந்த ஃபிரேமில் இருக்காது. கணினியில் கீழ்ப்பாதியை அதிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். லென்ஸ் முகத்தில் ஒரு தூசி இருந்தாலும் இங்கே அது பெரிய திட்டாக விழும். வரிசையில் நிற்கும்போதே ஊதித் துடைத்துவிடுங்கள்.

நார்த் விண்டோ வழியே டரெட் ஆர்ச்: இதுவும் விடியல், ஆனால் சூரியன் முதுகுப் பக்கம். ஆர்ச்சஸில் உள்ள நார்த் விண்டோ என்ற பெரிய கல் ஓட்டையின் வழியே கிழக்குப் பக்கம் தாண்டி, பாறைமேல் சற்று ஏறித் திரும்பினால் அந்த ஓட்டைக்குள் டரெட் ஆர்ச் சட்டமிட்ட படம்போல அமரும். ஓரடி வலப்பக்கம் நகர்ந்தால் டரெட் சட்டத்தின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே சிறிதளவாவது வானம் தெரியவேண்டும். நிற்குமிடத்தில் சிலருக்குத்தான் இடமுண்டு, விழுந்தால் எலும்பு முறியும். பனியோ ஈரமோ இருந்தால் விட்டுவிடுங்கள். முதல் முறை போகிறவர்கள் முந்தைய நாள் பகலில் வந்து பாதையைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொன்னால்: லேண்ட்ஸ்கேப் ஆர்ச், த்ரீ காசிப்ஸ் ஆகியவை காலைக்கு. பேலன்ஸ்டு ராக், பார்க் அவென்யூ, கோர்ட்ஹவுஸ் டவர்ஸ், ஃபயரி ஃபர்னஸ் மாலைக்கு. லேண்ட்ஸ்கேப் ஆர்ச் 93 மீட்டர் நீளம், வட அமெரிக்காவிலேயே மிக நீளமானது. 1991-இல் அதன் அடியிலிருந்து 18 மீட்டர் நீளப் பாளம் பெயர்ந்து விழுந்தது. அதற்குப் பின் அடியில் செல்லும் வழி மூடப்பட்டுவிட்டது. வேலிக்கு இப்புறமிருந்து 24 முதல் 35 மி.மீ. லென்ஸில் எடுக்கலாம். 2008 ஆகஸ்டில் வால் ஆர்ச் முற்றாக இடிந்துபோனது. அதை முன்பே எடுத்து வைத்தவர்களிடம்தான் அதன் படம் இருக்கிறது.

பையில் இருக்க வேண்டியவை

ஒரு அகல லென்ஸ் (16–35 மி.மீ.), ஒரு தொலைலென்ஸ் (70–200, குறைந்தது 24–105). இரண்டு போதும். தொலைலென்ஸை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம், அது பிழை. பாறைக் கோபுரங்களை வரிசையாக அடுக்கிக் காட்ட 100 மி.மீ.க்கு மேல் வேண்டும்.

முக்காலி: நடுத்தண்டை உயர்த்தாமல் கண்மட்டம் வரும் உயரம். கால்நுனியில் ரப்பர் இருக்கட்டும், இரும்பு முனை மணற்கல்லில் கீறல் போடும். போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் சுழல் ஃபில்டர்) ஒன்று. ரப்பர் ஊதுகுழல், மைக்ரோஃபைபர் துணி இரண்டு, பேட்டரி மூன்று. குளிரில் பேட்டரி பாதி நேரத்தில் படுத்துவிடும். சட்டையின் உள்பையில் வைத்து, மாற்றி மாற்றிப் போடுங்கள். ஆர்ச்சஸ் பூங்காவுக்குள் சாப்பாட்டுக் கடை கிடையாது. தண்ணீர் நுழைவு மையத்திலும், சாலை முடியும் டெவில்ஸ் கார்டனிலும் கிடைக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கு வையுங்கள்.

களத்தில், படிப்படியாக

1. முக்காலியை விரிக்கும் முன் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் சுற்றுங்கள். குனிந்து பாருங்கள், உட்கார்ந்து பாருங்கள். முன்னணிக்கு, அதாவது படத்தின் முன்பகுதிக்கு, என்ன கிடைக்கிறது என்று தேடுங்கள்: மொட்டைப்பாறையின் வரிகள், காய்ந்து முறுக்கிய ஜூனிபர் கிளை, மழைநீர் தேங்கிய சுனை. முக்காலியை முதலில் ஊன்றிவிட்டால் கால் நகராது.

2. ரா ஃபைல் (கேமரா மாற்றாமல் சேமிக்கும் மூலப்பதிவு), ஐஎஸ்ஓ 100, ஒயிட் பேலன்ஸ் ‘பகல்’ அல்லது 5,200 முதல் 5,500 கெல்வின். ஆட்டோவில் விட்டால், காட்சி முழுக்க ஆரஞ்சாக இருப்பதைத் தவறென்று எண்ணி கேமரா நீலத்தைக் கலக்கும். ராவில் பிறகு சரிசெய்யலாம் என்பது உண்மைதான். ஆனாலும் திரையில் தெரிவது பொய்யாக இருந்தால் அங்கேயே தவறான முடிவெடுப்பீர்கள்.

3. முன்னணியும் பின்னணியும் கூர்மையாக இருக்க எஃப்/11. முழுஃபிரேம் கேமராவில் 16 மி.மீ. லென்ஸை 0.8 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் 0.4 மீட்டரிலிருந்து கடைசிவரை தெளிவாக வரும். 24 மி.மீ.க்கு 1.8 மீட்டர், 35 மி.மீ.க்கு 3.7 மீட்டர். தெளிவின் தொடக்கம் எப்போதும் அதில் பாதி. இது எண்ணாக நினைவில் நிற்காவிட்டால், மிக அருகிலுள்ள பொருளின் தூரத்தைப் போல் இரு மடங்கில் ஃபோகஸ் வையுங்கள். அதிக மெகாபிக்சல் கேமராவில் இந்தக் கணக்கில் தூரத்து மலை லேசாக மங்கும். அங்கே முன்னணிக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என மூன்று ஃபிரேம் எடுத்து இணைப்பதே நல்லது. எஃப்/22 போட்டு சமாளிக்க நினைத்தால் சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதும் மென்மையாகிவிடும்.

4. எக்ஸ்போஷர். இந்த நிலத்தில் மிக அதிகமாக நடக்கும் தவறு இங்கேதான். வெள்ளை ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலை இருளிலிருந்து ஒளிவரை காட்டும் வரைபடம்) ஒழுங்காக இருக்கும், படமும் திரையில் அழகாக இருக்கும், ஆனால் சிவப்பு அலைவரிசை மட்டும் வலப்பக்கச் சுவரில் முட்டி வெட்டுப்பட்டிருக்கும். மாலை வெயிலில் செம்பாறையிலிருந்து வருவது பெரும்பகுதி சிவப்பு, மற்ற இரண்டும் குறைவு. சராசரி ஹிஸ்டோகிராம் மூன்றையும் கலந்து காட்டுவதால் இது மறைந்துவிடும். வீட்டில் வந்து பார்த்தால் பாறையின் வெயில் பக்கம் வரியேதும் இல்லாமல் ஆரஞ்சு பெயின்ட் அடித்ததுபோல இருக்கும். மூன்று நிற ஹிஸ்டோகிராமையும் தனித்தனியே காட்டும்படி கேமராவை அமையுங்கள். சிவப்பு முட்டினால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப்பில் மூன்றில் இரண்டு பங்கு குறையுங்கள். நிழல் கருத்தாலும் ராவில் மீட்கலாம், வெட்டுப்பட்ட சிவப்பை மீட்க முடியாது.

5. இரண்டு நொடி டைமர் வையுங்கள், லென்ஸின் அதிர்வுத்தடுப்பை அணையுங்கள். கடைசி வெயிலில் ஷட்டர் கால் நொடிவரை இறங்கும், அந்தியில் 30 நொடிவரை போகும். காற்றில் முன்னணிப் புதர் ஆடினால் அதற்காக மட்டும் ஐஎஸ்ஓ 800-இல் தனி ஃபிரேம்.

6. ஒவ்வொரு ஃபிரேமையும் 100 சதவீதம் பெரிதாக்கி மூலைகளைப் பாருங்கள். காற்றடித்தால் பையை முக்காலியில் தொங்கவிடுவது வழக்கம், ஆனால் பை ஊசலாடினால் அதுவே அதிர்வைத் தரும். தரையைத் தொடும்படி தாழ்வாகத் தொங்கவிடுங்கள்.

போலரைசர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சூரியனுக்கு 90 டிகிரி பக்கவாட்டில் அதன் வேலை உச்சம். 24 மி.மீ.க்கு அகலமான லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருநீலத் திட்டாகிவிடும், அதைப் பிறகு சரிசெய்வது தொல்லை. மோவாப் கடல்மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் வானம் ஏற்கெனவே அடர்நீலம். முழுதாகத் திருப்பினால் கறுப்புக்குப் போகும். அது உண்மையில் பயன்படும் இடம் வேறு. பாறைச்சுவர்களில் வழியும் கருநிறப் பட்டைகள் இரும்பும் மாங்கனீசும் களிமண்ணும் சேர்ந்த மெல்லிய பூச்சு. மேகமூட்டத்திலும் மழைக்குப் பின்னும் அது பளபளத்து நிறத்தை மறைக்கும். போலரைசரைத் திருப்பினால் பளபளப்பு போய் உள்ளிருக்கும் சிவப்பும் கறுப்பும் துலங்கும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும்.

நடுப்பகலும் வெற்று வானமும்

காலை பத்திலிருந்து மாலை நான்குவரை அறைக்குள் முடங்க வேண்டியதில்லை. டெவில்ஸ் கார்டனில் இரண்டு மதில்களுக்கு நடுவே ஆள் நடக்குமளவு சந்துகள் உண்டு. ஒரு சுவரின் உச்சியில் வெயில் பட்டு எதிர்ச்சுவருக்குத் தெறிக்கும்போது நிழலுக்குள் இளஞ்சூடான ஆரஞ்சு நிரம்பும். மீசா ஆர்ச்சில் விடியலில் நடப்பதே இங்கே உச்சிப்பொழுதில் நடக்கிறது. விதி ஒன்றுதான்: வெயில் படும் பாகம் எதுவும் ஃபிரேமுக்குள் வரக்கூடாது, வானமும் கூடாது. வந்தால் வெளிச்ச வேறுபாட்டில் அந்த ஆரஞ்சு செத்துவிடும்.

மேகமே இல்லாத நாளில் வானத்துக்கு ஃபிரேமில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். மாறாக மேலடுக்கு மேகம் பாதி வானத்தை மூடி, மேற்குத் தொடுவானம் திறந்திருந்தால் மற்ற திட்டங்களை விட்டு உடனே கிளம்புங்கள்.

கோடை நடுப்பகலில் தொலைலென்ஸ் உதவாது. சூடான பாறையிலிருந்து எழும் காற்று கானல்போல நெளிந்து, 100 மி.மீ.க்கு மேல் எதுவும் கூர்மையாக விழாது. ஃபோகஸ் தவறு என்று லென்ஸைச் சந்தேகிப்பார்கள், காரணம் காற்று. விடிந்த முதல் ஒரு மணி நேரத்தில் எடுத்தால் இந்தச் சிக்கலே இல்லை.

இரவு

ஆர்ச்சஸ் 2019-இல் பன்னாட்டு இருள்வானப் பூங்காவாக அங்கீகாரம் பெற்றது. 24 மணி நேரமும் உள்ளே இருக்கலாம். டார்ச் அடித்தோ விளக்கு வைத்தோ பாறைகளுக்கு வெளிச்சம் பாய்ச்சிப் படமெடுப்பதற்கு ஆர்ச்சஸிலும் கேன்யன்லேண்ட்ஸிலும் தடை உண்டு. அது நல்ல தடை. ஒருவர் டார்ச் அடித்தால் சுற்றிலும் உள்ள பத்துப் பேரின் படம் கெடும்.

விளக்குக்குப் பதில் நிலவைப் பயன்படுத்துங்கள். அமாவாசை கழிந்து மூன்று முதல் ஐந்து நாள்வரையுள்ள பிறை, மாலையில் மேற்கே நின்று பாறைக்குப் பக்கவாட்டு வெளிச்சம் தரும். சில மணி நேரத்தில் மறைந்து வானத்தை இருளுக்கு விட்டுவிடும். முக்காலியை அசைக்காமல் முதலில் நிலவொளியில் பாறை, நிலவு மறைந்தபின் வானம் என இரண்டையும் எடுத்து இணைக்கலாம். வளர்பிறை அரைநிலவில் எஃப்/2.8, 20 நொடி, ஐஎஸ்ஓ 3200-இல் தொடங்குங்கள். முழுநிலவு என்றால் அதே எஃப், 8 நொடி, ஐஎஸ்ஓ 800.

பால்வெளியின் பிரகாசமான மையம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தெரியும். தமிழ்நாட்டில் அது தெற்கே சுமார் 50 டிகிரி உயரத்துக்கு ஏறும். மோவாப்பில் 22 டிகிரியைத் தாண்டாது. இது குறையில்லை, வரம். தாழ்வாக இருப்பதால்தான் பாறையும் பால்வெளி மையமும் ஒரே ஃபிரேமில் அடங்குகின்றன. தெற்கே பார்த்த வளைவாக மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். 20 மி.மீ. லென்ஸ், எஃப்/2.8, 15 நொடி, ஐஎஸ்ஓ 6400. பழைய 500 விதிப்படி (500-ஐ லென்ஸின் மி.மீ.யால் வகுப்பது) 25 நொடி வரும், ஆனால் இன்றைய சென்சாரில் விண்மீன்கள் கோடாக இழுபடும். 300-ஐ மி.மீ.யால் வகுத்துக்கொள்ளுங்கள். ஃபோகஸை லைவ் வியூவில் ஒரு பிரகாசமான விண்மீனைப் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் வைத்து, வளையத்தை டேப்பால் ஒட்டிவிடுங்கள். இருட்டில் கை பட்டு நகர்ந்தால் ஓர் இரவே வீணாகும்.

மணல்

லென்ஸை வெளியில் மாற்றாதீர்கள். வேறு வழியில்லையென்றால் காற்றுக்கு முதுகைக் காட்டி, கேமராவின் வாய் கீழே பார்க்க, பைக்குள் வைத்து மாற்றுங்கள். லென்ஸிலோ ஃபில்டரிலோ மணல் ஒட்டினால் துணியைத் தொடவே கூடாது. மணல் என்பது குவார்ட்ஸ், கண்ணாடியைவிடக் கடினம், துடைத்தால் கீறும். முதலில் ஊதுகுழல், பிறகு தூரிகை, கடைசியில் துணி. முக்காலியின் பூட்டுகளில் கரகரவென்று சத்தம் கேட்டால் அன்றிரவே கழற்றித் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள்.

கால் வைக்கும் இடம்

பாதைக்கு வெளியே கருப்பாக, புற்றுமண் போலப் பொருபொருவென்று தெரிவது மண்ணல்ல. நீலப்பச்சை பாக்டீரியா, பாசி, லைக்கன் எல்லாம் சேர்ந்து பின்னிய உயிருள்ள மேலோடு. காற்றிலும் வெள்ளத்திலும் மண் போகாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஒரு மிதியில் நொறுங்கும், திரும்ப வளரப் பல ஆண்டுகள் ஆகும். எவ்வளவு நல்ல கோணமாக இருந்தாலும் அதன்மேல் முக்காலியை ஊன்றாதீர்கள். மொட்டைப்பாறை, மணல் ஓடை, போட்ட பாதை, இவற்றில் மட்டும் நடங்கள். கோணம் கிடைக்கவில்லை என்றால் தொலைலென்ஸைப் போடுங்கள்.

சுனைகளுக்கும் இதே கவனம் வேண்டும். சில வாரமே இருக்கும் அந்த நீரில் சிறு இறால் வகைகள் முட்டையிட்டுப் பெருகுகின்றன. காலையோ கையையோ விடாதீர்கள், வெயில் பூச்சு கலந்தாலே அவற்றுக்குக் கேடு. பிரதிபலிப்பை ஓரத்திலிருந்து, கேமராவைத் தரையோடு தாழ்த்தி எடுக்கலாம்.

வளைவுகள்மேல் ஏறத் தடை. ட்ரோன் எல்லாத் தேசியப் பூங்காக்களிலும் தடை. ஆர்ச்சஸில் 2022 முதல் சில பருவங்களில் நேரம் குறித்து முன்பதிவு செய்து நுழையும் முறை இருந்தது. நீங்கள் போகும் ஆண்டின் விதியைப் பூங்காவின் தளத்தில் பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள். ஃபயரி ஃபர்னஸுக்குள் நுழையத் தனி அனுமதிச்சீட்டு வேண்டும்.

கணினியில்

முதலில் ஒயிட் பேலன்ஸ். மாலைப் படத்தில் நிழல் நீலமாக இருப்பது இயல்பு. அங்கே வெளிச்சம் தருவது வானம். அந்த நீலத்தைத் துடைத்து எல்லாவற்றையும் ஆரஞ்சாக்கினால் வெயில்பக்கத்தின் சூடும் சேர்ந்து போய்விடும்.

நிறச்செறிவை மொத்தமாகக் கூட்டவே கூடாது. சிவப்பு முதலில் நிரம்பி வழியும், வரிகள் அழியும். ஆரஞ்சின் செறிவைச் சற்றுக் குறைத்து, அதன் ஒளிர்வைக் கூட்டிப் பாருங்கள். கல் ஒளிரும், நிறம் கத்தாது. வெயில் படாத பாறைக்குத் தனியே மாஸ்க் போட்டு நடுத்தரக் கான்ட்ராஸ்டைச் சிறிது ஏற்றலாம். தூசிமூட்டம் நீக்கும் ஸ்லைடர் இந்த வறண்ட காற்றில் பெரும்பாலும் தேவைப்படாது. 15-க்கு மேல் தள்ளினால் வானம் ஊதாவுக்குச் சாயும், மலைக்கும் வளைவுக்கும் இடையேயுள்ள தொலைவும் காணாமல் போகும்.

இரவுப் படத்தில் பாறையை எவ்வளவு வெளிச்சமாக்குவது என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். வானத்தைவிடப் பாறை ஒரு ஸ்டாப்பாவது இருண்டிருக்கட்டும். அங்கே நின்றபோது கண் அப்படித்தான் பார்த்தது.